சருகுக்கு ஒரு பனிக்கடிதம்

ஜங்காக்சாய் என்ற மலையூரில் குளிர்காலத்தில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் வானிலையைப் பற்றிப் பேசக் கூடாது. அதிலும் "பனி பெய்யாம ஆண்டவன் காப்பாத்தினான்" என்று வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், தந்தூர் அடுப்புக்குள் பாதி நுழைந்திருக்கும் தலையை ஜூராகான் வெளியே எடுப்பாள். சூட்டில் சிவந்த முகம் இன்னும் சிவக்கும். "உனக்கு ரொட்டி தீந்துபோச்சு" என்பாள். பின்னால் துணிக்கு அடியில் ரொட்டி ஆவி பறக்க அடுக்கி இருக்கும். வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஊரில் வேறு ரொட்டிக் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ரொட்டியை மாடு கூட யோசித்துத்தான் தின்னும். அதனால் ஊர் அவள் கோபத்தைச் சகித்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் மட்டும் 'பூச்சிக்காரி' என்று சொல்லிச் சிரித்தது. சிரித்தவர்களுக்கு அவள் ஏன் கோபப்படுகிறாள் என்று நன்றாகத் தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சமவெளியிலிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் ஜூராகான். கணவன் தோக்தோசுன் மாஸ்கோவில் சுவருக்குச் சாந்து பூசப் போனவன். பணம் அனுப்புவான், அறிவுரையும் அனுப்புவான். ஒரே மகள் கட்டிக்கொண்டு போய்விட்டாள். மிச்சம் அவளுக்கு இருந்தது இந்த அடுப்பும், மேலே அக்ரூட் காட்டில் ஒரு பங்கும். காடு அரசாங்கத்துடையது. மரத்திலிருந்து விழும் கொட்டை குத்தகைக்காரருடையது. இலையுதிர் காலத்தில் ஊரே வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் கூடாரம் போட்டுவிடும். அங்கேயே சமையல், அங்கேயே பிள்ளைக்குப் பாடம், அங்கேயே சண்டை. பச்சைத் தோலை உரித்து உரித்து எல்லோர் கையும் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு குளிர்காலம் பாதி வரை போகாது. கை கறுக்காதவன் அந்த ஊரில் அசலூர்க்காரன்.

அவள் பங்குதான் எல்லாவற்றுக்கும் மேலே, சரிவில் இருந்தது. அங்கேதான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த நாஜிரா என்ற பெண் பிளாஸ்டிக் குவளைகளைப் புதைத்தாள். பூச்சி ஆராய்ச்சி. குவளையின் வாய் தரைமட்டத்துக்கு இருக்கும். மேலே கால் வைத்த சின்னப் பலகை ஒன்று மூடியாக நிற்கும். நடக்கிற பூச்சி இடறி உள்ளே விழும். நாஜிரா தங்கியது ஜூராகான் வீட்டு முன்னறையில். வாடகையில் பாதியைப் பேச்சாகவே வசூலித்துக்கொண்டாள் ஜூராகான்.

முதல் குளிர்காலம் பனி இடுப்பளவு கொட்டியது. அந்தப் பனியைத் தோண்டிக் குவளையைப் பார்க்கப் போகிறேன் என்று நாஜிரா கிளம்பியபோது, பைத்தியம் தனியாகப் போய் விறைத்துச் சாக வேண்டாமே என்று ஜூராகானும் மண்வெட்டியோடு கூடப் போனாள். தோண்டினார்கள். அடியில் பனி சருகைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தது. ஈரமான, மங்கலான, காளான் வாசனை அடிக்கும் இடைவெளி. பலகையைத் தூக்கினால் குவளைக்குள் கடுகளவு சிலந்திகள், வாலைத் தூக்கி ஓடும் ஒல்லி வண்டுகள், மிளகுத்தூள் போலத் துள்ளும் என்னென்னவோ.

"என்னடி இது? மேல மனுசன் மூக்கு விறைச்சு விழுது. இதுங்க ஓடி விளையாடுது."

"மேலதான் அக்கா குளிர்காலம். கீழ சந்தை நடக்குது" என்றாள் நாஜிரா. "சருகு மெத்தை, பனி போர்வை. போர்வை இருக்கிற வரைக்கும் தரை உறையாது. இதுங்க சருகைத் தின்னும், ஒண்ணை ஒண்ணு தின்னும். இன்னும் கீழே மண்ணுக்குள்ள உங்க மரமேறி தூங்கிட்டிருக்கும்."

மரமேறி என்பது பச்சையாகப் பளபளக்கும் பெரிய வண்டு. மே மாதம் மண்ணிலிருந்து கிளம்பி அக்ரூட் மரத்தில் ஏறும். இலை தின்ன வரும் கம்பளிப்பூச்சியைக் கடித்துக் குதறும். ஊரில் எல்லோருக்கும் அதைத் தெரியும். குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஜூராகான் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்தாள்? ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "பூச்சிக்குக் குளிருமேன்னு போர்வை தேடுது எங்க வீட்டுப் பொண்ணு" என்று ரொட்டியோடு சேர்த்து விற்றாள். பூச்சிக்காரி என்ற பட்டப்பெயரை முதலில் நாஜிராவுக்குச் சூட்டியதே அவள்தான்.

அடுத்த குளிர்காலம் பனி வரவில்லை. வசந்தம் போல வெயில் அடித்தது. ஊர் பூரித்துப் போனது. வழிமேல் பனி வார வேண்டாம், கூரை பாரம் தாங்குமா என்று பயப்பட வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டுக்குப் புல் போட வேண்டாம். மாட்டைக் காட்டுக்குள் விட்டால் சருகைக் கிளறி மேய்ந்துகொள்ளும். ஊர் மாடு முழுவதையும் கூலிக்கு மேய்ப்பவன் அவள் கொழுந்தன் மமசாதிக். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடும் நாக்கு.

"அண்ணி, உன் பங்குல சருகு முழங்கால் அளவு வீணாக் கிடக்கு. தொழுவத்துல மாட்டுக்குப் பரப்பலாம். வாரிக்கட்டுமா?"

"வாரிக்கோயேன். எனக்கு எதுக்கு அந்தக் குப்பை?"

நாஜிரா அப்போது நகரத்தில் இருந்தாள். மமசாதிக் இரும்புப் பல் வைத்த வாரிகளோடு ஆட்களைக் கூட்டி வந்து, தரையை வழித்துத் துடைத்துக்கொண்டு போனான். பின்னாலேயே மாடுகள் வந்து மிதித்தன. நன்றிக்கு ஒரு ஆட்டுத்தொடை கொடுத்தனுப்பினான். அவள் அதை உருளைக்கிழங்கோடு வேகவைத்து ருசித்துச் சாப்பிட்டாள். இன்றைக்கும் அந்தக் கறியை நினைத்தால் அவளுக்குக் குமட்டும்.

ஜனவரியில் வெயில் போய்க் குளிர் இறங்கியது. மெத்தையும் இல்லை, போர்வையும் இல்லை. தரை இரும்பாக இறுகியது. திரும்பி வந்த நாஜிரா சரிவில் மண்டியிட்டு ஒரு குவளையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. கடப்பாரை போட்டு நெம்பியதில் குவளை உடைந்து வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"யாருக்கா வாரினது?"

"மமசாதிக்."

"யாரு வாரச் சொன்னது?"

"நான்தான்."

நாஜிரா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜூராகானுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பதிலுக்குத் திட்டி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண் உடைந்த குவளையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மே மாதம் கம்பளிப்பூச்சி வந்தது. மரத்தடியில் நின்றால் தூறல் போடுவது போலச் சத்தம் கேட்கும்; அண்ணாந்து பார்த்தால் வானம் தெளிவாக இருக்கும். விழுந்தது அதன் எச்சம். மரமேறி வரும், வரும் என்று ஜூராகான் தினமும் அடிமரத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அங்கொன்று இங்கொன்றாக வந்தது. ஜூன் மாதத்தில் அவள் மரங்கள் மொட்டையாக நின்றன. நாஜிரா நேர்மையானவள், "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா, கம்பளிப்பூச்சி சில வருஷம் தானாவே பெருகும்" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா தின்ன ஆள் இல்லாம பண்ணினது நாம" என்றாள். ஒரு வருஷம் மொட்டையானால் மரம் பிழைத்துக்கொள்ளும், வரிசையாக மொட்டையானால் காய்ந்துவிடும் என்றும் சொன்னாள்.

மற்றவர்களுக்கும் அடிதான். ஆனால் வழித்துத் துடைக்கப்பட்டு, ஒரு காய் கூட இல்லாமல் மொட்டையானது அவள் பங்கு மட்டும்தான். அந்த இலையுதிர் காலத்தில் ஊர் கூடாரம் சுமந்து காட்டுக்குப் போனபோது, ஜூராகான் அடுப்படியில் இருந்தாள். மற்றவர்கள் கறுத்த கையை நீட்டி ரொட்டி வாங்கினார்கள். மாவு அப்பிய தன் வெள்ளைக் கையைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் அவளிடம் அதிக நேரம் தங்காது, கோபமாக மாறிவிடும்.

மமசாதிக் வீட்டுக்குப் போனாள். "இந்தக் குளிர்காலம் என் பங்குல ஒரு சருகு நகரக் கூடாது. மாடும் வரக் கூடாது" என்றாள்.

"என்ன அண்ணி, குப்பைன்னு சொன்னது நீதானே?" என்று சிரித்தான் அவன்.

"ஆமா, நான்தான் சொன்னேன். எனக்கு அப்ப புத்தியில்ல. இப்ப வந்திருக்கு."

"உனக்குப் புத்தி வந்தா என் மாடு பட்டினி கிடக்கணுமா? கொட்டை பொறுக்கி முடிச்சா, வசந்தம் வரைக்கும் காட்டுத் தரை ஊருக்குப் பொது. எங்க தாத்தா காலத்து வழக்கம்."

விஷயம் ஊர்ப் பெரியவர் ஓர்மோனிடம் போனது. அவர் தாடியை நீவிக்கொண்டு, வழக்கம் வழக்கம்தான் என்றார். ஊர் தலையாட்டியது. எப்படி ஆட்டாமல் இருக்கும்? எல்லோர் மாடும் மமசாதிக்கிடம்தானே மேய்கிறது. மாஸ்கோவிலிருந்து தோக்தோசுனும் பேசினான். "பூச்சிக்காக என் தம்பியப் பகைச்சுக்காத." "நீ வந்து சுவத்துக்குப் பூசற சாந்தை உன் தம்பி வாய்க்குப் பூசு" என்று சொல்லிவிட்டு ஃபோனை மாவுக்குள் போட்டாள்.

அந்த ஊரில் தாத்தா காலத்து வழக்கம் இன்னொன்றும் உண்டு. முதல் பனி விழும் நாளில் ஒருவர் மற்றவருக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம். 'பனி எங்களுடையது, விருந்து உங்களுடையது' என்று எழுதியிருக்கும். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால், அதில் எழுதிக் கேட்டதை வாங்கியவர் கொடுத்தே ஆக வேண்டும். சுதாரித்துக்கொண்டு கொடுக்க வந்தவரைப் பிடித்துவிட்டால், அவர் முகத்தில் கரி பூசி விருந்தையும் அவரிடமே வாங்கலாம். பனிக்கடிதத்துக்குக் கட்டுப்படாதவனுக்கு ஜங்காக்சாயில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், மாடும் கொடுக்க மாட்டார்கள்.

ஜூராகான் அக்டோபரிலேயே கடிதம் எழுதி வைத்தாள். 'பனி எங்களுடையது, சருகும் எங்களுடையது. வசந்தம் வரை உன் மாடும் உன் வாரியும் என் பங்குக்குள் வரக் கூடாது.' மாவுத் தகர டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்துவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வானம் அவளைப் பார்க்கவே இல்லை. நவம்பர் போயிற்று. டிசம்பரில் மேகம் வந்தது, தூறியது, போயிற்று. உச்சி மலையில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் "இந்த வருசமும் காப்பாத்தினான்" என்றார்கள். ரொட்டி கிடைக்காமல் திரும்பினார்கள். மமசாதிக் வாரிகளுக்குப் பல் தீட்டக் கொடுத்திருப்பதாகச் சேதி வந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் மேல் சரிவுக்குப் போகப் போகிறானாம்.

வியாழக்கிழமை ஜூராகான் அடுப்பு மூட்டவில்லை. கழுதையை ஓட்டிக்கொண்டு அருவிக்கு மேலே, வெயிலே படாத இடுக்குக்குப் போனாள். அங்கே பழைய பனி கெட்டியாகக் கிடந்தது. மாவுச் சாக்கில் மிதித்து அடைத்து, கம்பளத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வெள்ளி காலை மமசாதிக் கதவைத் திறந்தபோது வாசலெல்லாம் வெள்ளை. படியில் அண்ணி ரொட்டிப் பொட்டலத்தோடு நின்றாள்.

"சண்டை வேண்டாம் தம்பி. சூடா இருக்கு, பிடி."

அவன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு கையாலும் வாங்கினான். பொட்டலத்துக்கு அடியில் காகிதம் தட்டுப்பட்டது. குனிந்து காலடியைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"பனி எங்களுடையது" என்றாள் ஜூராகான்.

விடிந்து ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் ஊர் கூடிவிட்டது. மமசாதிக் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். "கழுதை பெஞ்ச பனி பெரியவரே. எந்த ஊர்ல செல்லும்?" ஓர்மோன் குனிந்து கொஞ்சம் பனியை எடுத்து உருட்டிப் பார்த்தார்; நியாயமாக நடக்கிறாராம். "பனின்னா வானத்துலேர்ந்து விழணும் ஜூராகான். தூக்கிட்டு வந்தது கணக்கில்ல" என்றார். கூட்டம் சிரித்தது.

ஜூராகான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"பனி வரலைன்னு ஆண்டவனுக்கு நன்றி சொல்றீங்க. அதே வாயால பனி வானத்துலேர்ந்து விழுந்தாத்தான் செல்லும்னு சட்டம் பேசறீங்க. விழாத பனிக்கு நான் எங்க போய் நிப்பேன்? உங்க மரம் இல்லையா அது? நாளைக்கு அந்தக் கம்பளிப்பூச்சி என் வேலியோட நின்னுடுமா? மண்ணுக்குள்ள கிடக்கிறதை வழிச்சுக் கொன்னுட்டு, மேல வந்து வேலை செய்யலைன்னு மரத்தடியில உக்காந்து அழுவீங்க. கோடையில நான் அழுதேன். நீங்களும் அழுவீங்க, நான் பாக்கத்தான் போறேன்."

"சாபம் விடாத அண்ணி" என்று மமசாதிக் கடிதத்தை மடித்து அவள் கையிலேயே திணித்தான். அன்று பிற்பகல் அவன் ஆட்கள் சரிவை வழித்தார்கள். அவள் தடுக்கப் போகவில்லை. வாரியின் பல் கல்லில் உரசும் சத்தம் ஊர் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு ஜனவரி பூராவும் காய்ந்த குளிர். ஜூராகான் ரொட்டி சுட்டாள், விற்றாள், பேசவில்லை. இது ஊருக்குப் பழக்கமில்லாத விஷயம். அவள் கத்தினால் பரவாயில்லை என்று சிலர் வாய்விட்டே சொன்னார்கள்.

பிப்ரவரி கடைசியில் முதல் பனி விழுந்தது. வெறுந்தரை இரண்டு மாதம் உறைந்து முடிந்த பிறகு, செத்தவன் மேல் போர்த்துவது போல மெல்லியதாக விழுந்தது. காலையில் மமசாதிக் ரொட்டி வாங்க வந்தான். நோட்டுகளை மடித்து நீட்டினான். ஜூராகான் வாங்கிக்கொண்டாள். நோட்டுக்குள் ஒரு காகிதம்.

"பனி எங்களுடையது அண்ணி" என்று கை தட்டினான். "இது வானத்துலேர்ந்து விழுந்தது. கழுதைக்குச் சம்பந்தமில்ல."

கடிதத்தில் அக்ரூட் அல்வாவோடு விருந்து கேட்டிருந்தான். வீம்புக்குத்தான் கேட்டான், அவளிடம் ஒரு கொட்டை கூட இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா? அவள் கடிதத்தை இரண்டு தரம் படித்தாள்.

"சரி. நாளைக்கு மதியம் வா. பெரியவரையும் கூட்டிட்டு வா. சருகு வாரின ஆளுங்க ஒருத்தர் விடாம வரணும்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் மமசாதிக்குக்கே கொஞ்சம் உதைத்தது. ஆனால் மறுநாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் தந்தூர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புது ரொட்டி வாசனை தெருமுனை வரை அடித்தது. உள்ளே விரிப்பைச் சுற்றி மெத்தை போட்டிருந்தாள். ஆளுக்கொரு கிண்ணம், ஒவ்வொன்றும் மூடியோடு. ஓர்மோன் மேல்வரிசையில் உட்கார்ந்து கை ஏந்திப் பிரார்த்தித்தார். மமசாதிக் முதலில் மூடியைத் தூக்கினான்.

உள்ளே மண். கடப்பாரையால் பெயர்த்த உறைந்த மண்கட்டி, அறைச் சூட்டில் ஓரமாக இளகிக்கொண்டிருந்தது. அதன்மேல் பச்சையாகப் பளபளத்தபடி ஒரு மரமேறி, காலை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. ஓர்மோன் தன் மூடியைத் தூக்கினார். அதேதான். ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். ஒரு சிலர் கிண்ணத்தில் வண்டு கூட இல்லை, வெறும் மண்.

"என்ன அண்ணி இது?"

"விருந்து. என் பங்குல விளைஞ்சது. நீ வாரிட்டுப் போனதுக்கு அப்புறம் மிச்சம் இருந்தது இதுதான், ஒளிச்சு வைக்கல. வண்டு கிடைக்காதவங்க கோவிச்சுக்காதீங்க, தேடிப் பார்த்தேன், அவ்வளவுதான் இருந்தது."

ஒருவன் சிரிக்கப் பார்த்தான். துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான். ஓர்மோன் எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றினார். ஊன்றியவர் அப்படியே விரிப்பைப் பார்த்தார். அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். விரிப்பில் ரொட்டி இல்லை.

ஒரு வீட்டுக்குள் காலை வைத்தவர் ரொட்டி ஒரு துணுக்காவது வாயில் போடாமல் அந்த வீட்டை விட்டு எழுந்து போக மாட்டார். எதிரி வீடாக இருந்தாலும் வாசலில் நின்றபடி ஒரு பிட்டுப் பிய்த்துப் போட்டுக்கொண்டுதான் போவார். ரொட்டியை மதிக்காமல் போனவன் குடும்பம் விளங்காது என்று அந்த மலையில் பால்குடிப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ரொட்டி வைக்காமல் உட்கார்த்தி வைக்கும் வீடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று மட்டும் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வழக்கம் வழக்கம்தான்.

"ரொட்டி கொண்டா ஜூராகான்" என்றார் ஓர்மோன்.

"கொண்டு வரேன் பெரியவரே. வாசல்லதான் சூடா இருக்கு. அதுக்கு முன்னாடி என் கொழுந்தன் ஒரு வார்த்தை சொல்லணும்."

மமசாதிக்கின் முகத்தில் சிரிப்பு முதல் தடவையாகக் காணாமல் போயிருந்தது. "என்னை என்ன செய்யச் சொல்ற? ஊர் மாடு அத்தனையும் என் தலையில. புல்லு விக்கிற விலையில மாடு காத்தையா தின்னும்?"

"புல்லா? கோடையில நீ அறுத்து அடுக்கின போர் எங்க? பனி இல்ல, காட்டுல மேயும்னு சமவெளிக்காரனுக்கு லாரி ஏத்தினியே, அந்தப் புல்லு எங்க? நீ புல்லை வித்த. உன் மாடு என் மண்ணைத் தின்னுச்சு."

மாட்டைக் கூலிக்கு விட்டிருந்தவர்கள் திரும்பி மமசாதிக்கைப் பார்த்தார்கள். புல் விற்ற கதை அவர்களில் பாதிப் பேருக்குப் புதிது. புல்லுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் கூலி கொடுத்திருந்தார்கள்.

கிண்ணங்களில் மண் இளகிச் சேறானது. வெளியே ரொட்டி வாசனை ஆளைக் கொன்றது. ஓர்மோனுக்கு முழங்கால் விறைத்துக்கொண்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் முனகினார்.

"தம்பி, சொல்லித் தொலையேன்."

"அடுத்த குளிர்காலம் என் மாடு வராது" என்றான் மமசாதிக் தரையைப் பார்த்து.

"வாரி?"

"வாரியும் வராது."

"பனி பெஞ்சாலும், பெய்யாட்டாலும்?"

"பெய்யாட்டாலும்."

ஜூராகான் வெளியே போய் ஒரே ஒரு ரொட்டி எடுத்து வந்தாள். அதை அவன் நெற்றியில் தொட வைத்து, அவன் கையாலேயே பிட்டு எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னாள். வேகவேகமாக மென்று விழுங்கிவிட்டுப் போனார்கள். அவள் கிண்ணங்களைக் கழுவவில்லை. நேராகச் சரிவுக்குத் தூக்கிப்போய் மண்ணை இருந்த இடத்திலேயே கொட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அந்த மே மாதமும் மரங்கள் மொட்டையாயின. இந்தத் தடவை அவள் பங்கோடு நிற்கவில்லை. பக்கத்துப் பங்குகளிலும் தூறல் சத்தம் கேட்டது. இரண்டு மரம் திரும்பத் துளிர்க்கவே இல்லை.

மமசாதிக் வாக்குத் தவறவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் குளிர்காலம் அவன் மாடு ஒன்று கூட மேல் சரிவில் ஏறவில்லை. மற்ற பங்குக்காரர்களும் வாரியைத் தொழுவத்தில் மாட்டிவிட்டார்கள். மொட்டை மரங்கள் உதிர்த்த கொஞ்சநஞ்சச் சருகு, ஒரு கணுக்கால் அளவுக்கு, விழுந்தபடியே கிடக்கிறது. நவம்பர் போயிற்று, டிசம்பர் போயிற்று. பனி வரவில்லை.

நாஜிரா புதுக் குவளைகளோடு வந்திருக்கிறாள். நேற்று இரண்டு பேரும் சரிவில் நின்றார்கள். தரை பாதி இறுகியிருந்தது.

"சருகாவது இருக்கே அக்கா. பாதி தாங்கும்."

"மீதிப் பாதி?"

நாஜிரா குனிந்து ஒரு புதுக் குவளையைச் சருகுக்கு நடுவே பதித்தாள். பனி வராததற்குக் காரணம் மமசாதிக்கின் வாரியோ ஓர்மோனின் தாடியோ இல்லை. இந்த மலையையே பார்த்திராத எங்கெங்கேயோ ஊர்களில் எரிக்கிற நிலக்கரியும் எண்ணெயும்தான் என்று அவள் ஒரு தரம் விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அந்த ஊர்களில் யாருக்கும் ஜூராகானிடம் ரொட்டி வாங்க வேண்டிய தேவை இல்லை.

அவள் எழுதிய பழைய பனிக்கடிதம் மறுபடி மாவு டப்பாவின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. தினமும் மூடியைத் திறக்கும்போது அவள் அதைப் படிக்கிறாள். அதை யார் கையில் திணிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, கழுதையை ஓட்டிக்கொண்டு அவள் நடந்தே போய்விடுவாள்.